கடைசித் தெருப் பால்

பால்வண்டி காலை ஆறு மணிக்கு அதிகாரிகள் குடியிருப்பில் கிளம்பும். கோயில் தெரு, பஜார், பள்ளிவாசல் தெரு என்று ஒவ்வொன்றாகச் சுற்றிவிட்டு எங்கள் தகடு காலனிக்கு வந்து சேர ஒன்பது ஆகிவிடும். ஓட்டுவதற்கு ஆள் கிடையாது. தெரு முனையில் தானாக நிற்கும், மூன்று தடவை மணி அடிக்கும். பெண்கள் கண்ணாடிப் புட்டியோடு வரிசையில் நிற்பார்கள். புட்டியை வண்டியின் மாடத்தில் வைத்தால் கீழேயிருந்து ஒரு ஊசி எழும்பி, புட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பைக் குத்தி ஒரு சொட்டு உறிஞ்சும். அதற்குப் பெயர் சத்தளவி. உறிஞ்சி முடித்ததும் நூறு மில்லிப் பாலில் எத்தனை கலோரி இருக்கிறது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லும். அறுபதும் அதற்கு மேலும் என்றால் பச்சை மூடி. குறைந்தால் சிவப்பு மூடி.

பச்சை மூடிப் பால் ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் பால்நிலையத்துக்குப் போகும். சிவப்பு மூடிப் பால் சோப்புக் கம்பெனிக்குப் போகும். அந்தச் சோப்பைத் தேய்த்தால் தோல் வெண்ணெயாய் இருக்கிறது என்று வசதியானவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தண்ணிப் பாலில் செய்த சோப்பு எப்படி வெண்ணெயாய் இருக்கும் என்று நான் உட்பட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெக்கை வருசங்கள் வந்ததிலிருந்து எங்கள் பக்கம் பிள்ளைகள் வயிற்றில் முழு மாதம் தங்குவதில்லை. ஆறரை, ஏழு, மிஞ்சினால் ஏழரை. பத்து மாதம் கண்டு பிறந்த பிள்ளை என்றால் பக்கத்து ஊரிலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். மற்றதெல்லாம் உள்ளங்கை அளவில் பிறந்து, சூல்பெட்டிக்குள் கிடந்து, மிச்ச மாதத்தை அங்கே கழிக்கும். அந்தச் சின்னக் குடலுக்குத் தாய்ப்பால்தான் சேரும். முந்திப் பெற்றவளுக்கு உடனே பால் ஊறாது, ஊறினாலும் சில நாள் சொட்டுக் கணக்குதான். அதனால்தான் சட்டம் வந்தது. பிள்ளை பெற்ற எல்லோரும் ஆறு மாதத்துக்குத் தினம் ஒரு புட்டி கொடுக்க வேண்டும். அதையெல்லாம் ஒன்றாகக் கலந்து சமப்பால் ஆக்கி எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி அனுப்புவார்கள். நல்ல சட்டம்தான். பணக்காரப் பிள்ளை, கூலிக்காரப் பிள்ளை என்று சமப்பாலுக்குத் தெரியாது.

ஆனால் எண் என்று ஒன்று இருக்கிறதே. சம்பந்தம் பேசப் போகிற இடத்தில் பெண்ணைப் பெற்றவளின் எண்ணை முதலில் கேட்கிற அளவுக்கு அது வந்துவிட்டது. அதிகாரிகள் குடியிருப்பில் எழுபத்தைந்துக்குக் குறைந்து யாரும் இல்லை. தகடு காலனியில் ஐம்பதைத் தாண்டினால் அதிசயம். வெயிலில் சூரியத் தகடு துடைக்கிறவர்கள், கூழும் ஊறுகாயும் தின்கிறவர்கள், அவர்களுக்குத் தண்ணிதான் சுரக்கும் என்று ஊரில் பேச்சு. நாங்களும் அப்படித்தான் பேசிக்கொண்டோம். சிவப்பு மூடிக்காரி பெட்டியில் கிடக்கிற தன் பிள்ளைக்கும் தன் பாலைக் கொடுக்க முடியாது.

வண்டியின் பக்கவாட்டில் மூன்று வரி எழுதியிருக்கும். புட்டியைக் குலுக்காதீர். மூடியைத் திறக்காதீர். எண்ணை மறுக்காதீர். எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகிய புதிதில் அதைத்தான் தினமும் வாசிப்பேன். குலுக்கினால் நுரை வந்து பொறி தப்பாகச் சொல்லிவிடுமாம்.

நான் பால்நிலையத்தில் கழுவுகிறவள். பிளாஸ்டிக் நின்றுபோன பிறகு புட்டி, ஊசிக்குழல், பெட்டிப் பிள்ளைகளுக்குப் பால் இறங்குகிற ரப்பர்க் குழாய் எல்லாவற்றையும் கழுவித்தான் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். இருபத்தொரு வருசமாக அந்தத் தொட்டிதான் எனக்கு. அதற்கு முன்னால் எனக்கும் ஒரு மகன் பிறந்தான். ஆறாம் நம்பர் பெட்டி. என் எண் நாற்பத்தொன்பது என்று வண்டி சொன்னது. ஊரார் பாலில் அவன் தேறவில்லை, மாவுப்பாலுக்கு மாற்றினார்கள். முப்பத்தொரு நாள் இருந்தான். இதைச் சொல்லிக்கொண்டு திரிவதில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அப்புறம் நடந்தது விளங்காது.

பதினாலாம் நம்பர் பெட்டியில் இருந்தது அங்காளேஸ்வரியின் மகள். அங்காளேஸ்வரி எங்கள் காலனிப் பெண். தகடு துடைக்கிற வேலை. வேலை நேரத்திலேயே வலி வந்துவிட்டது. எண் ஐம்பத்து மூன்று, சிவப்பு மூடி. தினம் காலை பத்து மணிக்குக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நிற்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். அவளைத் தாண்டித்தான் நான் குழாய்க் கூடையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

"யக்கா, இன்னைக்கு எம்புட்டு?"

"அதே எண்ணூத்தி எண்பது கிராம்தான் தாயி."

"நேத்தும் அதானே."

"நேத்தும் அதான். கூடலைன்னாலும் குறையலைல?"

அவள் முகம் சுண்டிப் போகும். எனக்குத் தாங்காது. அதனால் ஒரு நாள், மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, இப்படிச் சொன்னேன்: "நீ ஏன் வெசனப்படுற? மத்த பெட்டிக் குழாயெல்லாம் ஒரு வெந்நீர்ல போயிருது. உன் மக குழாய்க்கு மூணு வெந்நீர் ஊத்த வேண்டியிருக்கு. அம்புட்டுப் பிசுக்கு. நெய்யாட்டம் பாலு வருது அவளுக்கு."

"நெசமாவாக்கா?"

"தொட்டிக்காரி சொன்னா தப்பா இருக்குமா?"

அன்றைக்கு அவள் சிரித்ததைப் பார்க்க வேண்டும். "என் பாலுதான் தண்ணி. ஊரார் பாலாவது நெய்யா இறங்குதே" என்றாள். அப்புறம் தினமும் எடையைக் கேட்ட கையோடு குழாயையும் கேட்பாள். நானும் பிசுக்கு, பிசுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய் இல்லை. அந்தக் குழாயில் நிஜமாகவே வெள்ளையாய் ஒட்டிக் கிடந்தது. வழித்து எடுத்து, வெந்நீரிலும் காரத்திலும் வெடித்துப் போன என் விரல் கணுக்களில் தடவிக்கொள்வேன். வீணாய்த்தானே சாக்கடைக்குப் போகிறது.

பிள்ளை மட்டும் ஏறவில்லை. பன்னிரண்டு நாள் ஒரே எடையில் நின்றால் 'ஏற்காப் பிள்ளை' என்று எழுதி மாவுப்பாலுக்கு மாற்றிவிடுவார்கள். பால் சரி, எண் சரி, அப்படியென்றால் பிள்ளையின் குடல்தான் சரியில்லை என்பது கணக்கு. மாவுப்பாலில் தேறிய பிள்ளைகளும் உண்டு. குடல் அழுகிப் போன பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். வியாழக்கிழமை பன்னிரண்டாம் நாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் நஸ்ரின் அங்காளேஸ்வரியைக் கூப்பிட்டு விவரம் சொன்னார். நல்ல டாக்டர்தான், தோளில் கை வைத்துத்தான் சொன்னார். அவள் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. என் விரல்களையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"யக்கா, கை மெத்துனு ஆயிருச்சே. முன்னாடி முள்ளு முள்ளா இருக்கும்."

நான் என் கையைப் பார்த்தேன். வருசக்கணக்காக ஆறாத வெடிப்பு ஒன்றைக்கூடக் காணோம்.

கூடையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு வந்துவிட்டேன். பதினாலாம் நம்பர் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே வழிநெடுக வெள்ளைப் படலம். பத்து நாளாக என் கை தேறியிருக்கிறது. பிள்ளை தேறவில்லை. குழாயில் இருப்பது குழாயில்தான் இருக்கிறது, அவள் வயிற்றில் இல்லை. இதைத்தான் நான் அந்தப் பெண்ணிடம் நல்ல சேதி மாதிரி தினம் தினம் சொல்லியிருக்கிறேன்.

பால்நிலையத்தில் சமப்பாலை அளக்கிற அளவியாளர் தர்மலிங்கம் சத்தளவிப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வாய் கொஞ்சம் அதிகம், மனசில் ஒன்றும் கிடையாது.

"சார், சமப்பால் இன்னைக்கு எத்தனை?"

"எழுபது. என்ன பேச்சியம்மா, வேலையை மாத்திக்குவோமா? நான் குழாய் கழுவுறேன், நீங்க இங்க உக்காருங்க."

"பாத்திரத்துல எழுபது. பிள்ளை வாயில எத்தனை?"

"வாயில போய் அளக்கணும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. அதான் கேக்குறேன்."

வடையைக் கீழே வைத்தார். நான் குழாயை மேஜை மேல் போட்டேன். வார்டில் நாலு பெட்டிக்கு நடுவில் ஒரு சொட்டுப்பொறி இருக்கும். அது பால் நிரப்பிய ஊசிக்குழலைப் படுக்கப் போட்டு, இரண்டு மணி நேரம் மெல்ல மெல்லத் தள்ளும். பதினாலாம் பெட்டி மூலையில், குளிர்காற்று வருகிற துவாரத்துக்கு நேர் கீழே. மற்றவற்றுக்கு ஒரு முழக் குழாய் என்றால் அதற்கு நாலு முழம். இதைத்தான் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"சரி, குழாய் முனையில வர்ற பாலை அளக்கணும். எப்படி அளக்குறது? பால்னா அதுக்கு ஒரு அம்மா வேணும். அம்மாவோட பதிவு நம்பர் அடிக்காம இந்தப் பொறி வாயைத் திறக்காது. குழாய்க்கு எங்க போய் அம்மாவைத் தேடுறது?"

"என் நம்பர் இருக்குல்ல."

"உங்க நம்பரா?"

"இருவத்திரெண்டு வருசம் ஆச்சு. அழிச்சிட்டீங்களா?"

"நாங்க எதையும் அழிக்கிறதில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

பழுது பார்த்துக் கழுவ வந்த சொட்டுப்பொறி ஒன்று என் தொட்டியருகே இருந்தது. அன்றைய சமப்பாலில் ஒதுக்கிவைக்கிற மாதிரிப் பால் முப்பது மில்லியை அவர் கொடுத்தார். அதே குழாயைக் கழுவி மாட்டி, குளிர்காற்றுக்குக் கீழே வைத்து ஓடவிட்டோம். இரண்டு மணி நேரம் முனையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தர்மலிங்கம் நடுவில் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, "பிரசவ வார்டுக்கு வெளிய நிக்கிற மாதிரி இருக்குய்யா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொறியில் என் பதிவு நம்பரை அடித்துக் கிண்ணத்துப் பாலை வைத்தார். அதே குரல், வண்டியில் பேசுகிற குரல்.

"வணக்கம் முத்துப்பேச்சி. நீண்ட நாட்களாக உங்களைக் காணவில்லை. உங்கள் எண் ஐம்பத்தொன்று. சென்ற முறை நாற்பத்தொன்பது. முன்னேற்றம் தெரிகிறது. பருப்பும் கீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்."

தர்மலிங்கம் வாய்விட்டுச் சிரித்தார். "இந்த வயசுல முன்னேற்றமாம்!" என்றார். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டார். எழுந்து போய் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் நஸ்ரின் திரையை இரண்டு தடவை பார்த்தார். "எழுபது உள்ள போயிருக்கு. ஐம்பத்தொண்ணு வெளிய வந்திருக்கு. நடுவுல பத்தொன்பது எங்கம்மா போச்சு?"

நான் என் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "கொழுப்புதான் பாதி பலம்" என்று தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார். "அது தண்ணியோட தங்காது. நின்னா மேல மிதக்கும், குளிர்ந்தா சுவர்ல ஒட்டும். எனக்குத் தெரியும். படிச்சிருக்கேன். ஆனா எண்ணைப் பாத்துட்டுக் குழாயைப் பாக்காம விட்டுட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்க ஏன் முன்னாடியே சொல்லலை?" என்றார்.

"நல்லதுன்னு நெனச்சேன் டாக்டர்."

"நானும்தான்" என்றார்.

வியாழக்கிழமை பதினாலாம் பெட்டி மாவுப்பாலுக்குப் போகவில்லை. 'ஐந்து நாள் அவகாசம்' என்று டாக்டர் தன் பொறுப்பில் எழுதினார். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தினார்கள். சொட்டுப்பொறியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சாண் குழாயில் ஊசிக்குழலை நிமிர்த்திப் பிடித்து, பால் தானாக இறங்குகிற மாதிரி ஊட்டச் சொன்னார். தாதிகளுக்கு அவ்வளவு நேரம் ஏது? அங்காளேஸ்வரியைக் கைகழுவி உள்ளே விட்டார்கள். முதல் நாள் அவள் ஊசிக்குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அவளிடம் நான் விஷயத்தைச் சொன்னேன். பிசுக்கு என்றால் என்ன என்று. திட்டுவாள் என்று நினைத்தேன். ஊசிக்குழலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க நெய்யின்னு சொன்ன அந்த நாள்லதான்க்கா நான் சோறு தின்னேன்" என்றாள்.

இரண்டு நாள் அதே எண்ணூற்று எண்பது. தர்மலிங்கம் என்னைப் பார்க்காமல் நடந்தார். மூன்றாம் நாள் எண்ணூற்று எண்பத்து நாலு. நாலாம் நாள் எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு. ஐந்தாம் நாள் தொள்ளாயிரத்து ஐந்து. தராசை அடைத்துக்கொண்டு எல்லோரும் நின்றோம். பிள்ளை கொட்டாவி விட்டது.

இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாகப் போய்க் குழாய் கழுவியிருப்பேன். ஆனால் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை காதிலேயே கிடந்தது. நின்னா மேல மிதக்கும்.

சட்டப்படி எல்லாத் தெருப் பெண்களும் வெயில் ஏறுமுன் ஐந்து மணிக்கே பாலைப் பீய்ச்சிப் புட்டியில் அடைத்துவிட வேண்டும். அதிகாரிகள் குடியிருப்பில் புட்டி ஒரு மணி நேரம் நிற்கிறது. எங்கள் காலனியில் ஈரச் சாக்குக்குள் நாலு மணி நேரம் நிற்கிறது. பலமெல்லாம் மேலே ஏறிக் கழுத்தில் நின்றுகொள்ளும். ஊசியோ அடியில் குத்துகிறது.

மறுநாள் வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டுக் காலனி வரிசையில் போய் நின்றேன். பதினோரு பெண்கள். அங்காளேஸ்வரி இரண்டாவது ஆள். புட்டியை நெஞ்சோடு அணைத்து அசையாமல் பிடித்திருந்தாள்.

"தாயி, அதைக் கொஞ்சம் சுத்து."

"குலுக்கக் கூடாதுக்கா. எழுதியிருக்குல்ல."

"குலுக்கச் சொல்லலை. தலைகீழாக் கவுத்தி, நிமித்தி, மெதுவா. பிள்ளையைத் தூங்கப் போடுற மாதிரி."

"வண்டி கத்தப் போகுது பாரு" என்றாள் முன்னால் நின்றவள், சற்றுமுன் நாற்பத்தெட்டு வாங்கினவள்.

"கத்துனா கத்தட்டும். என்னத்த சொல்லப் போகுது? தண்ணின்னுதானே? கேக்காத வார்த்தையா?"

அங்காளேஸ்வரி புட்டியைக் கவிழ்த்தாள். கழுத்தில் மஞ்சளாய் நின்றிருந்த வளையம் உடைந்து, நூல் நூலாய் இறங்கிக் கரைந்தது. நுரை வராமல் ஏழெட்டு முறை திருப்பினாள். மாடத்தில் வைத்தாள். ஊசி எழுந்தது.

"வணக்கம் அங்காளேஸ்வரி. உங்கள் எண் எழுபத்து மூன்று."

பச்சை மூடி விழுந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. அங்காளேஸ்வரி அந்த மூடியை எடுக்கவில்லை, தொட்டுப் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்கள் நான் சொல்லாமலே புட்டிகளைத் திருப்ப ஆரம்பித்திருந்தார்கள். நாற்பத்தெட்டுக்காரி ஓடிவந்து, "என்னோடதைத் திருப்பிக் கொடு, இன்னொரு தடவை அள" என்று வண்டியோடு மல்லுக்கட்டினாள். வண்டி மறுத்துவிட்டது. அன்று பதினொன்றில் எட்டு பச்சை. நாற்பத்தெட்டுக்காரி போக மிச்சம் இரண்டு பேருக்கு நிஜமாகவே குறைவுதான். எட்டுக்கு மேல் எனக்கு அன்றைக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் மேலிடத்துக்கு எழுதினார். ஆறு மாதம் கழித்து வண்டியில் ஊசியை மாற்றினார்கள். இப்போது அது குத்துவதற்கு முன்னால் புட்டியைத் தானே சுழற்றிக்கொள்கிறது. பக்கவாட்டில் முதல் வரியை வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். பால் கொடுக்கிற காலத்தில் இருக்கும் எல்லோரையும் மறுபடி அளந்து பழைய எண்ணைத் திருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அங்காளேஸ்வரியின் மகள் அதற்குள் வீட்டுக்குப் போய்க் குப்புற விழுந்துகொண்டிருந்தாள்.

உத்தரவு வந்த அன்று தர்மலிங்கம் என்னைத் தேடித் தொட்டிக்கே வந்தார். அவர் அங்கே வருவது வழக்கமில்லை.

"பேச்சியம்மா, அந்த ஐம்பத்தொண்ணை உங்க பேர்ல இருந்து எடுக்கச் சொல்லிட்டாங்க. அது உங்க பால் இல்லையே."

"எடுத்துருங்க சார். அதுக்கு முன்னாடி இருந்தது?"

அவர் தொட்டியின் விளிம்பைத் துடைத்தார், அதில் அழுக்கு ஒன்றும் இல்லை. "நாப்பத்தொன்பது. புதுசா அளந்தாத்தான் பழசை மாத்த முடியும். அளக்குறதுக்கு அந்தப் பால் இப்ப எங்க இருக்கு?"

"இல்லை சார்" என்றேன்.

"இல்லைதான்" என்றார். பிறகு ஒரு துணியை எடுத்து, நான் கழுவி வைத்த குழாய்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கூடையில் அடுக்கினார்.

நாற்பத்தொன்பது வாங்கிய அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வண்டி வர ஒன்பதரை ஆகிவிட்டது. எனக்கு முன்னால் பதினேழு பேர். பிள்ளை பெற்று ஆறு நாள், கால் தள்ளாடியது. யாரோ உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்து எழுந்தால் பால் குலுங்கிவிடும் என்று மாட்டேன் என்றேன். இரண்டு கையாலும் புட்டியைப் பிடித்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு, ஓர் அடி ஓர் அடியாக நகர்ந்தேன். வண்டியின் மாடத்தில் வைக்கும் வரை புட்டி கொஞ்சமும் ஆடவில்லை.